சூடை இன்னும் கடலில்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
ஜெட்டியில் வள்ளங்கள் விலா இடித்துக் கிடக்கின்றன.
கீழக்கரையில் நாலு நாளாக
மீன் என்று சொன்னால்
பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

விர்ஜித்தம்மாள் பாக்கி வாங்க வந்தாள்.
கூடையில் கொஞ்சம் மணலும் கவிச்சியும்.
நூற்றெண்பதை எண்ணி முடிப்பதற்குள் மழை.
பெரியபட்டினம் பஸ் இனி வராது என்று
தெருவே சொல்லிவிட்டது.
கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு
அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இவர் குரல் அனுப்பியிருந்தார், பலேர்மோவிலிருந்து.
பின்னால் கிரேன் சத்தம்,
யாரோ யாரையோ ஏசுகிற சத்தம்.

"மீன் இல்லாட்டி என்ன,
போன தடவ கொண்டாந்த ஓட்டை நூலு
ஒரு பாக்கெட் கெடக்குல்ல, அத எடு.
இங்க அதுல சூடையப் போட்டு ஆக்குவாங்க.
எங்க கப்பல் பண்டாரி சொல்றான்:
அந்தக் காலத்துல அரபுப் படை ஒண்ணு
இந்தக் கரையில வந்து எறங்குச்சாம்.
அம்புட்டுப் பேருக்கும் பசி. கையில ஒண்ணுமில்ல.
கரையில கெடச்ச சூடை,
மலையில தானா மொளச்ச சோம்புத் தழை,
மூட்டையடியில ஒட்டிக் கெடந்த கிஸ்மிஸ்,
எல்லாத்தையும் ஒரே சட்டியில தள்ளிட்டானாம்
அந்தப் படையில ஆக்குறவன்.
நெசமோ பொய்யோ.
பக்கத்துல நின்னவன் கோவிச்சுக்கிட்டான்,
அதெல்லாம் இல்ல, எங்க தெருவுல பொறந்ததுன்னு."

அடுத்த குரல்:

"சூடை வாங்க வக்கில்லாதவனும் இதத்தான் ஆக்குவான்.
மீன் மட்டும் இருக்காது.
அதுக்குப் பேரு என்ன தெரியுமா?
சூடை இன்னும் கடலில்.
கடைசியா ஒண்ணு இருக்கு, மறந்துறாத."

அந்தக் கடைசி ஒன்று இறங்கவில்லை.
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு டவர் போனது. பிறகு கரண்ட்.

சோம்பைக் கொதிக்கவிட்டு
அந்தத் தண்ணீரிலேயே நூலைப் போட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஊசிக் கனத்தில் துளை.
விர்ஜித்தம்மாள் ஒன்றை உருவி
வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று வந்தது.
பிள்ளைக்குத் தேய்க்க வைத்திருந்த ஆலிவ் எண்ணெய்,
அதில் வெங்காயம்.
நெத்திலிக் கருவாடு இரண்டை நுணுக்கிப் போட்டேன்,
இவரிடம் சொல்லப்போவதில்லை.
நெய்ச்சோற்று டப்பாவிலிருந்து கிஸ்மிஸ்.
ஏதோ ஒரு கொட்டை என்பார் முன்பு, அதன் பெயரே மறந்துவிட்டது,
முந்திரி உடைசல் போதும்.
பெருநாளைக்கு ஒளித்துவைத்த குங்குமப்பூவில்
மூன்று இழை. இல்லை, நான்கு.
மேலே வறுத்த ரொட்டித் தூள் தூவ வேண்டும்,
சீஸ் வாங்க முடியாதவர்களின் சீஸாம் அது.
ரொட்டி இல்லை. ரஸ்கை
டம்ளர் அடியால் நொறுக்கினேன்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
விர்ஜித்தம்மாள் விரலில் சுற்றிச் சுற்றி
சுடச்சுட விழுங்கினாள்.
பாதியில் நிறுத்தித் தட்டைக் கிளறினாள்.
"மீனு எங்கம்மா?"
"கடல்ல."
"யாரு பிடிக்கப் போயிருக்கா?"
பதில் வரவில்லை எனக்கு.
இன்னும் கொஞ்சம் வைத்தேன்.
கிஸ்மிஸை மட்டும் பொறுக்கி ஓரம் கட்டி
முந்தியில் முடிந்துகொண்டாள், பேரனுக்கு.

விடியக்காலை மூன்றரைக்கு
வட்டம் நின்றது.
"சூடாத் திங்காத.
மூடி வச்சிரு. மறுநாத்தான் ருசி."

கூடத்தில் விர்ஜித்தம்மாளின் குறட்டை.
அவளைத் தாண்டிப் போய்ச் சட்டியைத் திறந்தேன்.
அடியில் நாலைந்து நூல்,
ஒன்றையொன்று விடாமல்.
நின்றபடியே தின்றேன்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கூண்டு இன்னும் இறக்கவில்லை.