நூற்று இருபத்தைந்து

லாரி வராத மூன்றாவது வியாழன் இது.
எல்லைக்கு இந்தப் பக்கம், சாட் நாட்டு மணலில்,
தார்ப்பாய்க்குக் கீழே என் மேசை.
ஒரு நோட்டு. ஒரு பேனா.
ஈக்களை மட்டும் நிறுத்துக்கொண்டிருக்கும் தராசு.
அப்புறம் இந்த நாடா.

குழந்தையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றி
துளை வழியே இழுத்தால்
சின்னச் சன்னலில் ஒரு நிறம் வந்து நிற்கும்.
சிவப்பு என்றால் நாளுக்கு மூன்று பொட்டலம்.
மஞ்சள் என்றால் ஒன்று.
நூற்று இருபத்தைந்தைத் தாண்டினால் பச்சை,
வீட்டுக்குப் போகலாம்.
வீடு என்று வாய்தவறி வந்துவிடுகிறது.

கல்தூமா மகனைத் தூக்கிவந்தது மழைக்கு முன்பு,
வாடி என்று நாங்கள் சொல்லும் ஆறு
வாடிக் கிடந்த மாதம்.
இசாகா. வயது இரண்டு. கை நூற்று எட்டு.
என் இரண்டு விரல்கள் வளைத்த வளையத்துக்குள்
அவன் கையும் போய்
காற்றுக்கும் இடமிருந்தது.
அவன் அழவில்லை.
அழுகிற குழந்தைக்கு நான் பயப்படுவதில்லை.

வாரம் ஒருமுறை வந்தாள்.
நூற்றுப் பதினொன்று. மறுபடி நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினாறு.
நிலக்கடலைப் பசைப் பொட்டலத்தின் மூலையை
அவனே கடித்துக் கிழிக்கப் பழகினான்.
ஒருநாள் நாடாவைக் கண்டதும்
கூடாரமே அதிர அலறினான்.
அன்று ராத்திரி எனக்குக் கம்பங்களி
தொண்டையில் இறங்கியது.

இன்று கல்தூமா
தன் முறை வந்தும் பின்னால் நிற்பவளுக்கு வழிவிடுகிறாள்,
பிறகு அவளுக்கும் பின்னால் நிற்பவளுக்கு.
முக்காட்டின் நுனியைப் பிடித்தபடி மூத்தவள்,
ஹவாயே, ஏழு வயது.

சுற்றினேன்.
நூற்று இருபத்தாறு.

எங்கள் பக்கம் பச்சை என்றால்
கம்பு முளைத்துவிட்டது, ஆட்டு மடி கனத்துவிட்டது.
கல்தூமா அதைக் கண்டு
பாம்பைக் கண்டதுபோல் பின்னால் நகர்ந்தாள்.
"இன்னொரு தடவை பார்."
பார்த்தேன்.
"அந்தக் கையில் பார்."
அந்தக் கை கணக்கில் வராது என்றேன்.
அவள் குனிந்தாள். குரல் மணலுக்குள் போனது.
"பாதியை இவள் தின்றாள்.
ஒவ்வொரு பொட்டலத்திலும் பாதி."

ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கு நாடா இல்லை.
அவர்களுக்குக் குடும்ப அட்டை. அட்டைக்கு லாரி.
லாரிக்குப் பணம். பணத்துக்கு
குளிர்சாதன அறையில் ஒரு கூட்டம்,
அது தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

யாரும் சொல்லாமலே ஹவாயே முன்னால் வந்து
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கேட்கிறாள்:
"எனக்கு என்ன நிறம்?"

இருபது வருடத்துக்கு முன்
முந்தைய சண்டையில்
இதே ஆற்றுப்படுகையைத் தாண்டி வந்தவள் நான்.
பதிவு செய்தவர் சொன்னார்,
வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடக் காதைத் தொடு.
பரீட்சை என்று நினைத்து எக்கித் தொட்டேன்.
ஆறு வயது என்று எழுதிக்கொண்டார்.
எனக்கு நான்கு.
கை நீளம், அவ்வளவுதான்.
அந்த இரண்டு வருடத்துப் பால்
இன்னும் வந்து சேரவில்லை.

ஹவாயேவின் கையில் நாடாவைச் சுற்றினேன்.
எலும்பு தட்டியது.
ஏழு வயதென்றால் என்னவென்று நாடாவுக்குத் தெரியுமா?
பச்சை என்றது.

"பச்சை! எனக்கும் பச்சை!"
ஒற்றைக் காலில் குதித்தாள்.
இசாகாவும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினான்.
கல்தூமா ஆற்றின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நோட்டில் இசாகாவின் பெயருக்கு நேரே
நூற்று இருபத்துநான்கு என்று எழுதினேன்.
நான்கு என்ற எண்ணை மட்டும்
இரண்டு தடவை அழுத்தி.

சொன்னேனே,
எனக்குக் கை நீளம்.

ஏழு பொட்டலம் எண்ணிக் கொடுத்தேன்.
அடுத்த வியாழன் வா, என்றேன்.
அடுத்தவளைக் கூப்பிட்டேன்.