குறுக்கு விசாரணைக்கு அரைப்பக்கம்

நீதிமன்றம் பூட்டி எட்டு மாதம்.
சைக்கிளில் வந்தவன் இறங்கவில்லை,
ஒரு காலை எங்கள் மதிலில் ஊன்றிக்கொண்டு
"சுருக்கெழுத்துத் தெரிஞ்ச அக்கா நீங்கள்தானே?
கொப்பியையும் எடுங்கோ.
எல்லாம் முறைப்படி செய்யவேணும்."

முறைப்படி என்ற சொல்லுக்காகத்தான்
செருப்பைப் போட்டேன் என்று
இத்தனை வருடமாய்ச் சொல்லிவருகிறேன்.
பயத்தைச் சொல்வதில்லை.

கொக்குவிலில் ஒரு டியூட்டறிக் கொட்டில்.
வாங்குகளில் கொம்பாசால் கீறிய பெயர்கள்.
தலைமை இருந்தவனுக்கு இருபத்திரண்டு இருக்கும்,
போன வருடம் இதே மூன்றாம் வாங்கில் இருந்து
பிரயோக கணிதம் படித்தவன்.
இடுப்பில் இருந்ததை எடுத்து
தாள் பறக்காமல் மேலே வைத்தான்.

எதிரி: எமிலியாம்பிள்ளை மரிசிலின்,
பேக்கரி, குருநகர்.
குற்றம்: முகாமுக்குப் பாண்,
நாளுக்கு நாற்பது றாத்தல், பதினாறு நாள்.

குற்றஞ்சாட்டப்பட்டவரை
எதிரி என்றுதான் எங்கள் கோட்டில் எழுதுவோம்.
பதினொரு வருடம் எழுதியிருக்கிறேன்,
ஆட்டுக்கள்ளனை, அடிபிடிக்காரனை.
அன்றைக்குத்தான் அந்தச் சொல்
தன் மற்ற அர்த்தத்தையும் கூட்டிக்கொண்டு
கொட்டிலுக்குள் வந்து குந்தியது.

"துவக்கோட வந்து கேட்டவங்கள் தம்பி.
நீங்களும் துவக்கோடதான் வந்து கேட்டனீங்கள்.
உங்களுக்கும் தந்தனான்."

இதை எழுதினேன்.

"குறுக்கு விசாரணை?" என்று கேட்டுவிட்டேன்,
பழக்கதோஷம்,
பேனை தானாய் நிற்கும் இடம் அது.
அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.
"இடம் விட்டு வையுங்கோ அக்கா, பிறகு பாப்பம்."
அரைப்பக்கம் விட்டேன்.

தீர்ப்புக்கு எனக்கு
மூன்று கோடும் ஒரு புள்ளியும் போதுமாயிருந்தது.

கொண்டுபோகையில் அவர் திரும்பி,
அவர்களிடமில்லை, என்னிடம்:
"பிள்ளை, மா பிசைஞ்சு வைச்சபடி.
ஈரச்சாக்குப் போடச் சொல்லிவிடுங்கோ,
புளிச்சுப் போகும்."
"அதை எழுத வேண்டாம்" என்றது தலைமை.
எழுதவில்லை.
சொல்லியும் விடவில்லை.

அடுத்த வருடம் வேறு ராணுவம், வேறு மேசை.
அலுமாரியைக் கிளறிக் கொப்பியை எடுத்தார்கள்.
மேஜர் அதைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தார்.
பக்கத்தில், மொழிபெயர்க்க, ஒரு மதுரைக்காரச் சிப்பாய்.
"வாசி."

என் கீறல்களை வாசிக்கத் தெரிந்தவள்
அந்த அறையில் நான் ஒருத்தி.
வாசித்தேன்:
கிணற்றுப் பங்கு வழக்கு, ஐயா.
நாலில் ஒரு பங்குத் தண்ணீர்,
துலாவுக்கும் வாய்க்காலுக்கும் உரித்து,
வடக்கெல்லை பூவரசம் வேலி.
எதிரி வேலியை ஒன்றரை முழம் நகர்த்தினார்.
தடக்காமல் வாசித்தேன்,
அரைப்பக்கம் வந்தபோது மட்டும் இருமினேன்.

மேஜர் சிரித்தார்.
சண்டைக்குள்ளும் வேலிக்கு அடிபடுகிற சனம்.
கொப்பியைத் திருப்பித் தந்தார்கள்,
பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து.
பொடியங்கள் தப்பினார்கள், நான் தப்பினேன்.
மரிசிலினுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே பதிவு
ஒரு வேலித் தகராறாய்ப் போனது.

போன மாசியில் மகள் வந்தாள், ஜொசிற்றா.
பேசாலையில் கட்டியிருக்கிறாள்.
மரண அத்தாட்சியில் காரணம் என்ற இடத்தில்
தெரியாது என்று யாரோ வடிவாய் எழுதியிருந்தார்கள்.

இம்முறை உள்ளபடி வாசித்தேன்.
சில குறிகள் எனக்கே பிடிபடவில்லை,
கண்ணாடியை மாற்றிப் போட்டேன்.
வெறும் இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தாள்.
"இதில என்ன இருந்தது?"
"ஒண்டுமில்லை. விட்ட இடம்."

பிறகு, எழுதாததைச் சொன்னேன்:
மா, சாக்கு, புளிப்பு.

தேத்தண்ணியில் ஆடை கட்டிவிட்டது.

"புளிக்கேல்லை அன்ரி" என்றாள்.
"அம்மா விடியக்காலமை தானே போறணை மூட்டி
அந்த மாவிலதான் பாண் போட்டவ.
பொழுதுபடும்வரைக்கும் நாங்கள் கடையைத் திறந்து வைச்சிருந்தனாங்கள்.
ஒருதரும் வாங்க வரேல்லை."