எட்டு

நியாஸ் நானாவின் கடையில்
பேனை எழுதிப் பார்க்க ஒரு துண்டுக் கொப்பி
நூலில் கட்டித் தொங்கும்.
தலவாக்கலையில் பேனை வாங்குகிற எல்லாரும்
ஒருநாள் அதில் கிறுக்கியிருப்பார்கள்.
சுருள் போடுகிறவர்கள்தான் கூட.
சிலர் கையெழுத்து.
யாரோ ஒருத்தி ஒரு பெயரை எழுதி
உடனே வெட்டியும் இருக்கிறாள்.
நான் எட்டுப் போடுவேன்.
8 8 8 8
"லைசன் எடுக்கிற யோசனையா பிள்ளை?"
என்று நானா கேட்டது
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்.

எட்டுக்கு இரண்டு வளைவு, நடுவில் ஒரு குறுக்கு.
மட்டமான பேனை அந்த இடத்தில்தான் மூச்சு விடும்.
இடப்பக்கம் பிடிக்காமல் போனால்
எட்டு மூன்றாகிவிடும்.
பதினெட்டுக் கிலோவுக்கு முழுப்பேர்,
பதின்மூன்றுக்கு அரைப்பேர்.
ஒருத்தி பனியில் நின்று கிள்ளிய ஐந்து கிலோ கொழுந்து
பேனைமுனைக் குண்டுக்குள் விழுந்து
காணாமல் போகும்.

ஆகவே எனக்குத் தடித்த முனை வேண்டும்.
மெல்லியது ஈரச் செக்ரோலை உழும்.
மூடி வேண்டாம்,
பல்லில் மூடியைக் கடித்துக்கொண்டு
"எத்தனை கழிவு?" என்று கேட்க வராது.
உருண்டை உடம்பும் ஆகாது,
தராசடியிலிருந்து ஓடித்
தேயிலைத் தூருக்குள் போய்விடும்.
கறுப்பு மட்டும்.
நீலம் நனைந்தால்
பக்கத்து வரிக்காரியின் கணக்கிலும் ஊறும்.
ஜெல் பேனை மொய் எழுதுகிறவர்களுக்கு.

ஆனால் எனக்குப் பிடித்தது பேனையே இல்லை.
டோஹாவிலிருந்து தங்கச்சி கொண்டுவந்த
கிளிக் பென்சில்.
பூச்சியம் தசம் ஏழு.
ஐந்து என் கைக்கு முறியும்.
கழுத்தில் இரும்பு, கொஞ்சம் பாரம்,
பெருவிரலுக்கு ஒரு சின்னச் சத்தம்.
மழைத்தாளிலும் பிடிக்கும்.

ஆடி மாதம், ஏழாம் நம்பர் மலை, பகல் நிறுவை.
மூன்று பேனையும் கைவிட்டது.
பென்சிலை எடுத்தேன்.
வரிசை பேச்சை நிறுத்தியது.
சந்தனம் கூடையை இறக்காமலே கேட்டாள்,
"பென்சிலா பிள்ளை?"
வேறொன்றும் சொல்லவில்லை.
பென்சிலின் மறுமுனையில்
அழிறப்பர் ஒன்று
வெள்ளையாய், ஒருமுறையும் தேயாமல்.
அதைத்தான் அவள் பார்த்தாள்.

யாருடைய கிலோவையும் நான் அழித்ததில்லை.
சொல்லலாம்.
எனக்கு முந்தி இருந்தவரும்
அதைத்தான் சொல்லியிருந்தார்.

ஜெசிராணி படங்குக்குள் கைவிட்டு
மகளின் பேனையை எடுத்துத் தந்தாள்.
ரோஸ் ஜெல். மினுக்கம் போட்டது.
தலையில் ஒரு பிளாஸ்டிக் முயல்.
ஆயுளுக்கும் நான் வாங்கியிருக்க மாட்டேன்.
நாலு பேர் படங்கை அவிழ்த்துத்
தாளுக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள்,
அவர்கள் முதுகு நனைய.
நான் ஊதி ஊதி எழுதினேன்.
சந்தனம் 18.
ஜெசிராணி 21.
புஷ்பகாந்தி 16,
அவளுக்கு இடுப்பு விட்டு மூன்று வாரம்.

ஆறுக்கு மேலே ஒரு வளைவு போதும்
எட்டாக.
முயல் கையில் நின்றது.
பின்னால் ஒருத்தரும் இருமவில்லை.
போட்டேனா இல்லையா என்பதை
இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஆபீசில் பெரிய கிளாக்கர்
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இது செக்ரோலா, பிறந்தநாள் வாழ்த்தா?"
மாலைவரை அவர் மூக்கு மின்னிக்கொண்டிருந்தது.
யாரும் சொல்லவில்லை.

கிளிக் பென்சில் இப்போது
என் சீட்டுக் கணக்குக்கு மட்டும்.
என் கடனை நான் அழித்தெழுதலாம்.

சனிக்கிழமை,
மை பாதி தீர்ந்த முயலுக்குப் பதில்
ஜெசிராணியின் மகளுக்குப் புதிது வாங்கப் போனேன்.
துண்டுக் கொப்பியை இழுத்து
முதன்முறையாக ஒரு ஆறு போட்டுப் பார்த்தேன்.
பிறகு வழக்கம்போல.
நானா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"லைசன் இன்னும் வரல்லியா?"
"இன்னும் இல்ல நானா."