பூச்சியம் என்று எழுதிய பிறகு

மூன்றாம் பாடவேளை. கரண்ட் இல்லை.
கரும்பலகையின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு,
அதைத்தான் நான் நிலைக்குத்து அச்சாகப் பாவிப்பது.
யன்னலுக்கு அப்பால் டச்சுக் குடா
கண் கூசும் வெள்ளையில் சும்மா கிடந்தது.

சார்பில் இரண்டு இடங்களை எடு, என்றேன்.
பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழி,
இடையில் போன நேரத்தால் வகு.
இரண்டு புள்ளியையும் அடிமட்டம் வைத்து இணைத்தால்
அந்தக் கோட்டின் படித்திறன்தான்
சராசரி மாற்ற வீதம்.
வளையி எப்படி நெளிந்தாலும்
அடிமட்டத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

நுஸைக்கா எழும்பினாள்.
கிண்ணியாவில் ஆறு பத்துக்கு ஏறி
ஆறு ஐம்பதுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கினாளாம்.
இருபது கிலோமீற்றர். மணிக்கு முப்பது.
"ஆனா மிஸ், அந்த ட்ரைவர் முப்பதில ஓடி நான் காணல்ல.
ஒண்டில் எழுபது, இல்லாட்டி நிப்பு."

எழுபதிலிருந்து நிற்பதற்கு இறங்கும் ஊசி
முப்பதைத் தொடாமல் வர வழியில்லை,
கண் சிமிட்டும் நேரமாவது அங்கே இருந்திருக்கும்
என்று சொல்ல வாயெடுக்கையில்
கோட்டைப் பக்கமிருந்து மான் வந்துவிட்டது.

புள்ளிமான். இந்த ஊரில் அது மாடு மாதிரி.
பத்து ஐந்துக்குக் கொட்டாங்காய் மரத்தடியில் நின்றது.
பத்து இருபத்தைந்துக்கும்
கொட்டாங்காய் மரத்தடியில்தான் நின்றது.
உதாரணம் தானாக நடந்து வந்தால் யார் விடுவார்கள்?
இடப்பெயர்ச்சி பூச்சியம், வகுத்தாலும் பூச்சியம்,
எழுதுங்கள், என்றேன்.

"மிஸ், அது என்ட சோத்துப் பார்சலைத் திண்டிட்டுது,"
வாசலில் ஷெரோன்,
கையில் லஞ்ச் ஷீற்றின் ஒரு கிழிசல்.
"அதுக்கும் பூச்சியமா?"

மேசையில் தட்டித் தட்டி வகுப்பு சிரித்து ஓய்ந்தது.
ஓய்ந்த பிறகு, கடைசி வாங்கிலிருந்து
யதுர்ஷன், கொப்பியை விட்டுத் தலை தூக்காமல்:
"அப்ப இடையில நடந்தது
கணக்கில எங்க போகும், மிஸ்?"

எங்கும் போகாது. விடையில் அது இல்லை.
அதற்கு வேறு கணக்கு இருக்கிறது,
உயர்தரத்தில் வரும், என்றேன்.
சரியான பதில்தான்.
மணி அடித்துப் படி இறங்கும்போதுதான்

தேர்ச்சி அறிக்கை ஞாபகம் வந்தது.
நேற்றிரவு எழுதிய நாற்பதில் ஒன்று.
முதலாம் தவணை ஐம்பத்தெட்டு.
மூன்றாம் தவணை ஐம்பத்தெட்டு.
"மாற்றமில்லை" என்று என் கையெழுத்து,
சிவப்பில், அழகாக.
நடுக்கட்டத்தில் ஒரு பத்தொன்பது இருந்தது.
பார்த்தேன். பார்க்காமல் இல்லை.
அடிமட்டம் போல அதன் மேலால் போய்விட்டேன்.

பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தெட்டு.
ஒரே தவணையில் முப்பத்தொன்பது.
வகுப்பில் வேறு எவருக்கும் இந்தப் படித்திறன் இல்லை.
இறங்கியபோது ஏனென்று கேட்கவில்லை நான்,
ஏறியபோதும் கேட்கவில்லை.
எங்கோ ஓரிடத்தில், ஒரு செவ்வாயோ வியாழனோ,
இறங்குவது நின்று
ஏறுவது இன்னும் தொடங்காத ஒரு கணம்
அவனுக்கு இருந்திருக்கும்.
அங்கே வீதம் உண்மையாகவே பூச்சியம்.
அங்கே அவன் தனியாகவா நின்றான்?

வெட்டித் திருத்தினால் அதிபர் ஒப்பமிட வேண்டும்.
அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.
ஏன் வெட்டு, என்று கேட்டார்.
கணக்குச் சரி, சேர், என்றேன்,
நான் எடுத்த புள்ளிதான் காணாது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
ஐம்பத்தெட்டு காணும்தானே, என்றார்,
லாச்சிக்குள் முத்திரையைத் தேடிக்கொண்டு.