பதினான்காம் கேள்வி

செங்கலடியில் அறுபது பிரதி எடுத்தேன்.
கடைசிப் பத்தும் மங்கல். மை முடிஞ்சிட்டு என்றார் கடைக்காரர்,
காசு மட்டும் குறைக்கவில்லை.
பின்னேரம் ஐந்து மணி,
வந்தாறுமூலை மைதானத்துச் சீமெந்துப் படியில்
கோப்பை மடியில் வைத்துக் குந்தியிருந்தேன்.

கடந்த ஆறு மாதங்களில்
உணவுக் குறைநிரப்பி ஏதும் உட்கொண்டீர்களா?

கபடிக்காரன் ஜெனோஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எங்களிட்ட என்ன குறையைக் கண்டீங்க?"
"பவுடரடா" என்றான் இன்ஷாப்.
மறுகா எல்லாருக்கும் விளங்கிற்று.

பாரம் தூக்கும் டிலுக்சன்
'இல்லை'யில் கோடிட்டு நீட்டிய தாளில்
பெருவிரல் அளவு சொக்லேட் மா.
ஊதிவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

பதினேழாம் அறையில் நாலு பேருக்கு ஒரு வாளி.
மகாபொல விழுந்த கிழமை
கொழும்புக்குப் போனவனிடம் சொல்லி எடுப்பித்தது,
முப்பத்தோராயிரம்.
மூடியில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் புயம்.
அடியில் திகதி இருக்கவேண்டிய இடத்தில்
சுரண்டிய தடம்.
ஆளுக்கு ஒரு கரண்டி, கொப்பியில் ஒப்பம்.
கன்டீன் கணக்கில்கூட இவர்கள் இத்தனை நேர்மையில்லை.

எல்லாரும் போனபின்
வெல்லாவெளிக் கோகுலராஜ் தாளோடு நின்றான்.
"அக்கா, பதினாலு எனக்கு விளங்கல்ல."

இதை உங்களுக்குப் பரிந்துரைத்தவர் யார்?
பயிற்றுநர். வைத்தியர். நண்பர். விளம்பரம்.
வேறு, குறிப்பிடுக.

"வேறு" என்றான்.
சப்பாத்து நுனியால் புல்லைக் கிண்டினான்.
வாளி மாசியிலேயே முடிஞ்சிட்டாம்.
அடுத்ததுக்கு மூன்று பேரும் தந்த காசு
அவன் அக்காவின் ஸ்கேனுக்குப் போயிட்டாம்.
பக்கெட்டில் வாங்கிப் பழைய வாளிக்குள் கொட்டினதாய்ச் சொன்னானாம்.
கொட்டினது கிளினிக்கில் அக்காவுக்குக் கொடுத்த திரிபோஷ,
நிறத்துக்குக் கொஞ்சம் சொக்லேட் மா.
"அக்காவிட்டக் கேட்டுத்தான் எடுத்த நான்.
எட்டாம் மாசம் அவக்கு.
தனக்கு ஓங்காளிக்குதாம், கொண்டு போ எண்டா."

கொஞ்சம் பேசாமல் நின்றான்.
"ஜெனோஜன் ரெண்டு கிலோ ஏறிட்டான் அக்கா."
அந்தக் குரலில் பெருமையா பயமா,
என் அளவுகோலில் ஒன்று முதல் ஐந்து வரைதான் உண்டு.

'வேறு' என்பதற்கு எதிரே
இரண்டங்குலப் புள்ளிக்கோடு.
என்னத்தை எழுதுவான்?

எண்ணூறு மீற்றருக்குமுன்
நாக்கில் வெறுமனே கொட்டிக்கொள்ள
என் பையிலும் கோப்பிப் பக்கெட் ரெண்டு கிடந்தது.
நெஞ்சு படபடத்த நாட்களை நானும் எங்கும் குறிக்கவில்லை.
ஆய்வாளர் மாதிரிக்குள் அடங்கார் என்று
மூன்றாம் அத்தியாயத்தில்
நானே எழுதியிருக்கிறேன்.

மேற்பார்வையாளர் தாள்களை எண்ணினார்.
"ஐம்பத்தொன்பது. மற்றது எங்க?"
"மங்கல் சேர். வாசிக்கேலாது."
"அப்ப கழிச்சு விடும்."

வெள்ளிக்கிழமை அணித் தெரிவு.
ஜெனோஜன் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனான்,
மூன்று பேர் காலில் தொங்க
இழுத்துக்கொண்டு வந்தான், புழுதியில் நெஞ்சு தேய.
மைதானமே கத்திற்று.
கோகுலராஜ் மட்டும் கைதட்டவில்லை.
போனைக் காதில் பொத்திக்கொண்டு
மதில் பக்கமாய் நடந்தான்.
"எத்தினை கிலோ?" என்று கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது.