செய்முறை நோட்டு

கட்ட வேண்டியது முப்பத்திரண்டாயிரம்,
திங்கட்கிழமை நாலு மணிக்குள்.
சேர்ந்த ரசீதைக் கொண்டு வா, லோன் தருகிறோம்
என்றது வங்கி.
பணத்தைக் கட்டு, ரசீது தருகிறோம்
என்றது கல்லூரி.
அம்மாவின் தோடு ஏற்கெனவே உசிலம்பட்டியில்
வட்டி தின்றுகொண்டிருந்தது.
காதுத் துளையில் வேப்பங்குச்சி.

சனிக்கிழமை பொழுது சாய
அரிசி டிரம்முக்குள் கைவிட்டு
செய்முறை நோட்டை எடுத்தாள்.
ஊர் ஊராகப் போய் அவள் வைத்த மொய் எல்லாம்
என் கையெழுத்தில் இருக்கிறது,
மூன்றாம் வகுப்பிலிருந்து.
முதல் பக்கங்களில் காதணி விழாவுக்குக்
கால் விட்டுப்போய்
கதணி விழா.

"வாசி" என்றாள்.
வாசித்தேன்.
எழுதப் படிக்கத் தெரியாதவள் என்னைத் திருத்தினாள்:
"விருமாயி மகளுக்கு ஐநூத்தி ஒண்ணில்ல,
ஆயிரத்தி ஒண்ணு.
அன்னைக்கி மழ."

என் கல்யாணத்துக்குத் திரும்பி வர வேண்டிய பணம் அது.
பந்தல் போடாமல், பரிசம் போடாமல்
மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல்
வாசல் வாசலாக
அதைக் கேட்டுப் போனோம்.

மொக்கராசு மாமா கட்டிலை விட்டு எழவில்லை.
"பத்திரிக்க இல்ல, பந்தி இல்ல,
மைக்செட்டும் இல்ல.
என்ன விசேசம்னு மொய் வைக்க?"
"புள்ள திங்கக்கெழம பஸ் ஏறுது" என்றாள் அம்மா.
அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.
அடுத்த தெரு வரைக்கும்
அம்மாவின் செருப்பு மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

தவமணி அத்தை உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை.
கதவை நாங்களே சாத்திவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.
வந்தாள்.
தாம்பாளத்தில் வெற்றிலை, ஒரு வாழைப்பழம்,
மேலே ஆயிரத்து ஒன்று.
"வெறுங்கையில குடுத்தா
அது கடன்லடி."

ஞாயிறு ராத்திரி எண்ணினோம்.
ஐயாயிரத்து ஒன்று இரண்டு பேர்,
ஆயிரத்து ஒன்று பதினாலு,
ஐநூற்று ஒன்று ஒன்பது.
இருபத்தெட்டாயிரத்து ஐநூறு.
தனியே ஒரு குவியலாக இருபத்தைந்து ஒற்றை ரூபாய்.

மீதி மூவாயிரத்து ஐநூறுக்கு
செக்கானூரணியில் இறங்கி
ஜாபர் செல்போன் கடையில் என் போனை வைத்தேன்.
அடுத்த பஸ் வந்துவிட்ட அவசரத்தில்
சிம்மைக் கழற்ற மறந்தேன்.

மதுரைக் கல்லூரிக் கவுண்டரில்
மஞ்சள் பட்ட நோட்டுகளை மிஷின் துப்பியது.
அந்த அம்மா எச்சில் தொட்டு எண்ணி முடித்துவிட்டு
"ஓடிபி சொல்லும்மா" என்றார்.

ஓடிபி
இருபது கிலோமீட்டருக்கு அப்பால்
கண்ணாடி மேசைக்குள் ஒலித்திருக்கும்.

மணி மூன்று நாற்பது.
எனக்குப் பின்னால் நின்ற பையன் தன் போனைத் தந்தான்.
என் எண்ணுக்கே நான் அடித்தேன்.
நாலாவது ரிங்கில் ஜாபர் எடுத்தார்.
பின்னால் யாரோ டெம்பர் கிளாஸ் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
"இரும்மா, கண்ணாடி போட்டுக்கறேன்.
நாலு. ஏழு. ஒண்ணு.
ஒம்போது. முட்ட. ஆறு.
சரியா? இன்னொருக்காச் சொல்லவா?"

ரசீது சூடாக வந்தது.

ஒற்றை ரூபாய்களைக் கல்லூரிக்குத் தெரியாது.
வாசலில் ஆளுக்கொரு டீ, பன்னிரண்டு ரூபாய்.
மிஞ்சிய ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அரசரடி தாண்டியதும்
நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பச் சொன்னாள்.
நமக்கு வந்த மொய் அந்தப் பக்கம்.
"எழுது.
ஊரு, செக்கானூரணி.
பேரு, ஜாபர்."
விசேஷம் என்ற இடத்தில் அவள் எதுவும் சொல்லவில்லை.
நானே எழுதினேன்: முதல் வருசம்.
தொகைக்கு
அந்த ஆறு இலக்கத்தையும் அப்படியே போட்டேன்.

இருபக்கமும் சேர்த்து
எங்கள் நோட்டிலேயே பெரிய தொகை
அதுதான்.