இடப்பக்க இருக்கை

ருஸ்தாவிச் சந்தையில் வாங்கும்போதே அதற்குப் பதினான்கு வயது.
மீட்டர் சொன்னது எண்பதாயிரம்.
விற்றவன் கண் சொன்னது வேறு.
மூவாயிரத்து இருநூறு லாரி எண்ணி வாங்கியபின்
பாட்டரியைத் தனியே எடுத்துவந்து
கோழியைக் கொடுப்பதுபோல்
இரு கைகளால் நீட்டினான்.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த சின்ன வண்டி.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியாவில் நாங்கள் ஓட்டுவதும் வலப்பக்கம்.
சாவியைத் திருகியதும் ஒரு பெண்குரல்
பணிவாக ஏதோ சொல்லும்.
காலை வணக்கம் சொல்கிறாள் என்றார் தெய்முராஸ்.
அன்றிலிருந்து நாங்களும் சொன்னோம்.

முதலில் போனது வீல் பேரிங்.
அறுபதைத் தாண்டினால்
வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழும் ஒலி.
பேரிங் நாற்பது.
துருவோடு மல்லுக்கட்டிய கூலி எழுபது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மெக்கானிக்கின் பெயர் அவ்தோ.
எங்கள் ஊரில் காருக்கும் அதுதான் சொல்.
ஹீட்டர் கசிந்து கால்மிதி ஊறி
வண்டிக்குள் பாகு வாசம் அடித்தபோது
ஒரு ரப்பர் குழாயால் அதைச் சுற்றிவிட்டு
"குளிர்காலம் வரட்டும், பார்க்கலாம்" என்றான்.
வந்தது.
வீடு வீடாய்ப் போய் ஊசி போடுகிறவள் நான்.
அந்த வருஷம் எல்லா நோயாளிகளும்
ஊசிக்கு முன்பே துள்ளினார்கள், என் விரல் பட்டு.

புகைச் சோதனையில் தோற்றோம்.
வடிகட்டிப் பெட்டியைத் தட்டினால் தகரடப்பா ஓசை.
உள்ளே இருந்ததை எவனோ எப்போதோ
விற்றுத் தின்றிருக்கிறான்.

எஞ்சின் விளக்கு எப்போதும் மஞ்சளாய் எரியும்.
ஒருநாள் அது அணைந்தது.
அன்றுதான் உண்மையில் பயந்தேன்.
பல்பு போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது.
சிரிஞ்சுகளுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புட்டியும் வைத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸுக்கு ஆயிரத்து நானூறு ஆகும் என்றான் அவ்தோ.
அந்த மாதம்தான் தெய்முராஸ்
போலந்துக்கு லாரி ஓட்டப் போனார்.
கியர்பாக்ஸுக்காகப் போனார் என்று சொல்ல முடியாது.
அதற்காக இல்லை என்றும் சொல்ல முடியாது.

முன்னால் லாரி போனால்
எதிரே வருவது எனக்குத் தெரியாது,
இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும்.
அவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்:
பொறு. பொறு. ஒரு பஸ். ம், இப்போது.
அந்த "இப்போது"க்குக் கேள்வி கேட்காமல் மிதிப்பேன்.
சண்டை போட்ட நாட்களிலும்.

இரண்டு வருஷமாய் யாரையும் முந்தவில்லை.
ரிக்கோத்திக் கணவாய் முழுக்க
சிமெண்ட் லாரிகளின் முதுகு பார்த்துப் பாடமாகிவிட்டது.
தாமதமாய்ப் போனால் நோயாளிகளே கேட்கிறார்கள்,
இன்றைக்கு முன்னால் போனது என்ன, தர்பூசணியா?

பாகங்களுக்காகத் தொள்ளாயிரம் தருகிறேன் என்கிறான் அவ்தோ.
நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன்.
வாங்கிய விலையைச் செலவு எப்போதோ முந்திவிட்டது.
அதற்கு மட்டும் யாரும் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை.

செஸ்தபோனியில் மழையில் கைகாட்டிய பெண் லீலே.
கல்லூரியில் ஜப்பானிய மொழி படிக்கிறாளாம்.
சாவியைத் திருகினேன்.
குரல் பேசியது.
அவள் சிரித்துவிட்டாள்.
"கார்டு செருகப்படவில்லை என்கிறது அக்கா,
சுங்கச்சாவடிக் கார்டு."

ஆறு வருஷம்.
தினமும் அது கேட்டது ஒரு கார்டை.
நாங்கள் கொடுத்தது வணக்கம்.

மேட்டில் ஒரு லாரி மூச்சிரைத்தபடி ஏறியது.
நான் பழக்கப்படி பின்னால் ஒதுங்கினேன்.
லீலே கேட்காமலே கழுத்தை நீட்டிப் பார்த்து
"யாரும் வரவில்லையே, போங்களேன்" என்றாள்.
மிதித்தேன்.
கியர் ஒரு கணம் யோசித்தது,
உதறியது,
பிடித்தது.
லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாய்
அவள் ஜன்னலைத் தாண்டிப் பின்னே போயின.

இரவு தெய்முராஸ் போனில் வண்டியைப் பற்றிக் கேட்டார்.
எண்ணெய் மட்டும்தான் என்றேன்.
கார்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

காலையில் பனி சுரண்டி, சாவி திருகி,
அது சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.
வணக்கம் என்றேன்.